முதல் பந்தியில் ஓர் இடம்

நவீனக் கவிதையையும் நாவலையும் பற்றிப் பேசுவதற்காகக் கூடுகிற எங்களுக்குள், ஓர் அமெரிக்கக் கல்லூரியின் கால்பந்து அணியைக் குறித்து இத்தனை நாட்கள் விவாதம் நீளும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. கேள்வி என்னவோ எளியதுதான். ஐடஹோ மாநிலத்தின் தலைநகரான பாய்சியில் இருக்கும் பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணி, தன்னினும் பெரிய கூட்டமைப்பு ஒன்றில் சேர்ந்தால் தாக்குப்பிடிக்குமா? எங்களில் சிலர் முடியும் என்றனர், சிலர் முடியாது என்றனர். பேசப் பேச, விளையாட்டைவிடப் பெரிய ஒன்றைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது மெல்லப் புலப்பட்டது. தகுதி என்பது என்ன, அதை யார் அளப்பது, அளப்பவர்களை யார் நியமித்தது என்பவை இலக்கிய வாசகர்களுக்குப் புதிய கேள்விகள் அல்லவே.

அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இங்கே கால்பந்து என்பது அமெரிக்கக் கால்பந்து. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது. கல்லூரி அளவில் அதன் உச்சப் பிரிவில் 130க்கும் மேற்பட்ட அணிகள் உள்ளன. அவை 'கான்ஃபரன்ஸ்' எனப்படும் கூட்டமைப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. ஓர் அணி வழக்கமான பருவத்தில் ஆடும் 12 ஆட்டங்களில் எட்டோ ஒன்பதோ தன் கூட்டமைப்புக்குள்ளேயே நடக்கும். தொலைக்காட்சிப் பணம் கூட்டமைப்புக்கு வந்து அங்கிருந்து பங்கிடப்படும். ஆங்கிலேயக் கால்பந்தில் கீழ்ப்பிரிவில் வென்ற அணி அடுத்த ஆண்டு மேற்பிரிவுக்கு உயர்கிறது. மேற்பிரிவில் தோற்ற அணி இறங்குகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் அப்படி ஒரு படிக்கட்டு கிடையாது. உள்ளே இருப்பவர்கள் அழைத்தால் மட்டுமே வெளியே இருப்பவர் நுழையலாம். எத்தனை முறை வென்றாலும் அழைப்பு வராமலே போகலாம். எத்தனை முறை தோற்றாலும் உள்ளே இருப்பவரை எழுப்பி வெளியே அனுப்புவது அரிதினும் அரிது. கல்யாண வீட்டில் முதல் பந்தியில் அமர்ந்துவிட்டவரை யாரும் பசி இருக்கிறதா என்று கேட்பதில்லை.

பாய்சி ஸ்டேட் 1932இல் இரண்டாண்டுக் கல்லூரியாகத் தோன்றியது. நான்காண்டுக் கல்லூரியானது 1965இல்தான். 1986இல் தன் மைதானத்துக்கு நீல நிறத்தில் செயற்கைப் புல் விரித்தது. அதுவரை அப்படி எவரும் செய்ததில்லை, பலர் சிரித்தார்கள். 1996இல் உச்சப் பிரிவுக்கு வந்து சேர்ந்தது. வந்து சரியாகப் பத்தாண்டுகள் கழித்து, 2006ஆம் ஆண்டுப் பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்காமல், 2007 ஜனவரி 1 அன்று அரிசோனாவில் நடந்த ஃபியஸ்டா போல் ஆட்டத்தில் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டது. ஒக்லஹோமா அந்த விளையாட்டின் பரம்பரைப் பிரபு.

அந்த இரவை நேரில் கண்டவர்களும் பதிவில் கண்டவர்களும் மறப்பதில்லை. 28–10 என முன்னிலை வகித்த பாய்சி, கடைசி நிமிடங்களில் அதை இழந்து 35–28 எனப் பின்தங்கியது. நான்காவது வாய்ப்பில் 18 கெஜம் கடக்க வேண்டும். கையில் சில விநாடிகள். பந்தைப் பிடித்தவர் ஓடாமல், குறுக்கே ஓடிவந்த இன்னொருவரிடம் கொடுக்க, அவர் எல்லைக்கோட்டைக் கடந்தார். ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் ஒக்லஹோமா முதல் வாய்ப்பிலேயே புள்ளிகளைச் சேர்த்தது. பதிலுக்குப் புள்ளிகளைச் சேர்த்த பாய்சிக்கு, ஒரு புள்ளிக்குரிய எளிய உதையை உதைத்துச் சமன் செய்யும் வழி இருந்தது. ஆனால் இரண்டு புள்ளிக்கு முயன்றார்கள். பந்தை எறிவதுபோல் பாவனை காட்டி, முதுகுக்குப் பின்னால் மறைத்துத் தந்த பந்துடன் இயன் ஜான்சன் ஓடிச் சேர்ந்தார். 43–42. பயிற்சியாளர் கிறிஸ் பீட்டர்சனுக்கு அது முதல் பருவம். 13 ஆட்டங்களில் 13 வெற்றி. ஆயினும் நாட்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. இறுதித் தரவரிசையில் ஐந்தாம் இடம்.

இங்கிருந்துதான் விவாதம் தொடங்குகிறது. பெரிய கூட்டமைப்புகளின் ஆதரவாளர்கள் சொன்ன பதில் ஒன்றே: ஓர் இரவில் யாரும் யாரையும் வெல்லலாம், வாரந்தோறும் வெல்ல முடியுமா? 2010இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் கார்டன் கீ, பாய்சி போன்ற அணிகள் ஆதரவற்ற முதியோரைப் பேணும் கன்னியர் மடங்களைப் போன்ற எளிய எதிரிகளோடு ஆடி வருகின்றன என்ற பொருளில் பேசினார். பிறகு அதற்காக வருந்தினார்.

அந்த ஏளனத்தை ஒதுக்கிவிட்டு வாதத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதில் உண்மை இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து உடல்களை அரைக்கும் விளையாட்டு. முதல் 22 பேர் சமமாக இருக்கலாம். அக்டோபர் மாதத்தில் அவர்களில் ஆறு பேர் காயம்பட்டு அமரும்போது உள்ளே வருகிற மாற்று ஆட்டக்காரர் யார் என்பதே கேள்வி. பெரிய அணியின் இரண்டாம் வரிசையில் நிற்பவர், பள்ளியிலிருந்து வெளிவரும்போது நாடெங்கும் தேடப்பட்டவர். சிறிய அணியின் இரண்டாம் வரிசையில் நிற்பவர் பெரும்பாலும் யாரும் தேடாதவர். ஒரு பெரிய எதிரிக்காக மூன்று வாரம் தயாராவது ஒன்று. ஒன்பது பெரிய எதிரிகளைத் தொடர்ந்து சந்திப்பது வேறொன்று. ஒரு நல்ல சிறுகதை எழுதியவரிடம் நாவல் எழுத முடியுமா என்று கேட்பதைப் போன்றது இது. கேள்வி நியாயமானது. ஆனால், நாவல் எழுதத் தாள் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டு அக்கேள்வியைக் கேட்பதுதான் நியாயமில்லை.

2010ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் வர்ஜினியா டெக் அணியை 33–30 என வென்று தொடங்கிய பாய்சி, நவம்பர் 26 அன்று நெவாடாவிடம் கூடுதல் நேரத்தில் 34–31 எனத் தோற்றது. ஆட்டம் முடியும் தருணத்தில் ஒன்று, கூடுதல் நேரத்தில் ஒன்று என இரண்டு குறுகிய உதைகள் குறி தவறின. அத்துடன் எல்லாம் முடிந்தது. பெரிய மேடை போயிற்று; லாஸ் வேகஸ் நகரில் ஒரு சிறிய மேடை கிடைத்தது. இதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 2007 பருவத்தில், பெரிய கூட்டமைப்பைச் சேர்ந்த லூசியானா ஸ்டேட் இரண்டு ஆட்டங்களைத் தோற்றும் நாட்டின் சாம்பியன் ஆனது. வாரந்தோறும் கடுமையாக ஆடுகிறவர்களுக்குச் சறுக்கல் மன்னிக்கப்பட வேண்டும் என்பது அவர்கள் தரப்பு. ஏற்கலாம். ஆனால் அந்த மன்னிப்பும் உறுப்பினருக்கான சலுகைதான் என்பதை மறக்கலாகாது. வெளியே இருப்பவன் முழுமையாக இருந்தாக வேண்டும். உள்ளே இருப்பவன் நன்றாக இருந்தால் போதும்.

இந்த விவாதத்தை ஊகத்தில் நடத்த வேண்டிய தேவை இன்று இல்லை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் பல அணிகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. அவற்றுக்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் போதும்.

முதலில் யூட்டா. 2008 பருவத்தில் ஓர் ஆட்டமும் தோற்காமல், 2009 ஜனவரியில் அலபாமாவை 31–17 என வென்ற அணி. 2011இல் பாக்-12 கூட்டமைப்புக்கு அழைக்கப்பட்டது. கூட்டமைப்புக்குள் அதன் கணக்கு இது: 2011இல் 4 வெற்றி 5 தோல்வி, 2012இல் 3–6, 2013இல் 2–7. மூன்றாண்டுகள் தொடர்ந்து இறங்குமுகம். ஐயப்பட்டவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள் என்று அப்போது தோன்றியிருக்கும். 2014இல் 5–4. பிறகு ஏறுமுகம். 2021, 2022 இரண்டு ஆண்டுகளும் அந்தக் கூட்டமைப்பின் சாம்பியன் யூட்டாதான்.

அடுத்து டெக்சஸ் கிறிஸ்டியன். பழைய தென்மேற்குக் கூட்டமைப்பு 1996இல் கலைந்தபோது பெரியவர்கள் தங்களுக்குள் வேறு வீடு கட்டிக்கொண்டு இதை வெளியே விட்டார்கள். பதினாறு ஆண்டுகள் சிறிய கூட்டமைப்புகளில் அலைந்தது. 2011 ஜனவரி 1 அன்று ரோஸ் போலில் விஸ்கான்சினை 21–19 என வென்றது. 2012இல் பிக் 12 கூட்டமைப்பில் நுழைந்தது. முதல் ஆண்டு மொத்தத்தில் 7–6, இரண்டாம் ஆண்டு 4–8, மூன்றாம் ஆண்டு 12–1. 2022 பருவத்தில் மிச்சிகனை 51–45 என வென்று தேசிய இறுதி ஆட்டம் வரை சென்றது. இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 65–7 எனச் சிதறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். மறைத்துப் பேசினால் வாதத்துக்கு மதிப்பிருக்காது. ஆனால் அந்த ஆட்டத்தில் ஆடும் இடத்தை எத்தனையோ பரம்பரைப் பிரபுக்கள் ஒருமுறைகூட எட்டியதில்லை.

2023இல் பிக் 12 கூட்டமைப்பில் நான்கு அணிகள் ஒன்றாக நுழைந்தன: பிரிகம் யங், சின்சினாட்டி, ஹூஸ்டன், மத்திய ஃபுளோரிடா. முதல் ஆண்டில் நான்குமே வெற்றியைவிட அதிகத் தோல்வியுடன் முடித்தன. இரண்டாண்டுகளுக்கு முன், 2021இல், சிறிய கூட்டமைப்பிலிருந்து தேசிய அரையிறுதிக்குச் சென்ற முதல் அணி என்ற பெருமை பெற்றிருந்த சின்சினாட்டி 3–9 என வீழ்ந்தது. ஆனால் அடுத்த ஆண்டே பிரிகம் யங் 11–2. இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு சதர்ன் மெதடிஸ்ட். 2024இல் ஏசிசி கூட்டமைப்பில் நுழைவதற்காக, ஒன்பது ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தது. அதாவது விருந்துக்கு அழைத்தால் போதும், சாப்பாட்டை நாங்களே கொண்டுவருகிறோம் என்றது. முதல் ஆண்டிலேயே கூட்டமைப்புக்குள் எட்டு ஆட்டங்களிலும் வென்று, பட்டத்துக்கான ஆட்டத்தில் கிளெம்சனிடம் 34–31 எனத் தோற்றது.

எதிர்ச்சான்றும் உண்டு. ரட்கர்ஸ். 1869 நவம்பர் 6 அன்று பிரின்ஸ்டனுடன் அது ஆடி வென்ற ஆட்டமே அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தொடக்கம் எனக் கொள்ளப்படுகிறது. அத்தகைய மூதாதை, 2014இல் பிக் டென் கூட்டமைப்பில் நுழைந்தது. 2016இல் சொந்த மைதானத்தில் மிச்சிகனிடம் 78–0. அந்தப் பருவத்தில் கூட்டமைப்புக்குள் ஒரு வெற்றியும் இல்லை. 2018இல் 12 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி.

யூட்டாவையும் ரட்கர்ஸையும் பிரித்தது எது? எங்கள் விவாதத்தின் மையம் இதுவாகவே இருந்தது. இரண்டு காரணங்கள் எங்களுக்குப் புலப்படுகின்றன. ஒன்று, அழைப்பின் காரணம். யூட்டாவை அழைத்தபோது அது வென்றுகொண்டிருந்தது. ரட்கர்ஸை அழைத்ததில் அதன் ஆட்டத்தைவிட நியூயார்க் பகுதியின் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குப் பங்கு அதிகம். அணிக்காக வந்த அழைப்பும் ஊருக்காக வந்த அழைப்பும் ஒரே கடித உறையில்தான் வருகின்றன. இரண்டு, பொறுமை. யூட்டா மூன்றாண்டுகள் இறங்கியபோதும் பயிற்சியாளர் கைல் விட்டிங்ஹமை மாற்றவில்லை. டெக்சஸ் கிறிஸ்டியன் 4–8 என முடித்த ஆண்டிலும் கேரி பேட்டர்சனை அனுப்பவில்லை. ரட்கர்ஸோ இரண்டாம் ஆண்டு முடிவில் ஒருவரை நீக்கி, அடுத்து வந்தவரை 2019இல் பருவத்தின் நடுவிலேயே நீக்கியது. இடம்பெயர்த்து நட்ட மரம் முதலில் இலையை உதிர்க்கும். அந்தப் பருவத்தில் அதைப் பிடுங்கி வேர் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பவர்களுக்கு மரம் வளர்வதில்லை.

இந்த இரண்டு அளவுகளிலும் பாய்சி நிற்கிறது என்பதே எங்கள் கருத்து. பீட்டர்சன் காலத்தில், 2006 முதல் 2013 வரை, அது 92 ஆட்டங்களில் வென்று 12இல் மட்டும் தோற்றது. அது பயிற்சியாளரின் தனித்திறமை என்பீர்களானால், அவர் அடுத்துச் சென்ற வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 2016இல் தேசிய அரையிறுதிக்கு இட்டுச் சென்றார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாய்சியில் பயின்ற முறை பெரிய வீட்டிலும் செல்லுபடியானது. அவர் போன பின்பும் அணி விழவில்லை. 2024 செப்டம்பரில் ஆரிகன் அணியிடம் அதன் மைதானத்திலேயே, கடைசி விநாடி உதையில், 37–34 எனத் தோற்றது. அந்த ஆரிகன் வழக்கமான பருவத்தில் தோல்வியே காணாமல் பிக் டென் சாம்பியன் ஆயிற்று. பாய்சியின் ஆஷ்டன் ஜென்டி அந்தப் பருவத்தில் 2,601 கெஜம் ஓடி, ஹைஸ்மன் விருதில் இரண்டாம் இடம் பெற்றார். பன்னிரண்டு அணிகளாக விரிந்த தேசியச் சுற்றில் பாய்சிக்கு மூன்றாம் வரிசை எண் கிடைத்தது. காலிறுதியில் பென் ஸ்டேட்டிடம் 31–14 எனத் தோற்றது. பார்த்தீர்களா என்றனர் ஐயப்படுவோர். ஆனால் அந்த ஆண்டு முதல் சுற்றில் ஓய்வு பெற்று நேரே காலிறுதிக்கு வந்த நான்கு அணிகளும் அங்கேயே தோற்றன. ஆரிகனும் ஜார்ஜியாவும் அந்த நான்கில் அடக்கம். அவர்களிடம் அக்கேள்வியை எவரும் கேட்கவில்லை.

ஆகவே, முடியுமா என்றால், முடியும். முதல் மூன்றாண்டுகள் அடிபடும். பிறகு நடுவரிசையில் நிலைபெறும். நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மேலே வரும். வரலாறு காட்டும் சராசரி அதுதான். ஒஹாயோ ஸ்டேட் ஆகிவிடாது. பிக் டென்னில் இருக்கும் பெரும்பாலான அணிகளும் ஒஹாயோ ஸ்டேட் ஆகிவிடவில்லை.

நாங்கள் ஐயுறுவது வேறு இடத்தில். தாக்குப்பிடிக்கும் வலிமை என்பது உறுப்பினராவதற்கு முன் இருக்க வேண்டிய தகுதியா, உறுப்பினரானதால் விளைகிற பயனா? கணக்கைப் பாருங்கள். பாய்சி இருந்த மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்பு 2020 தொடங்கி ஆறு ஆண்டுகளுக்குச் செய்த தொலைக்காட்சி ஒப்பந்தம் 27 கோடி டாலர். பிக் 12 ஆறு ஆண்டுகளுக்குச் செய்தது ஏறக்குறைய 228 கோடி டாலர். பிக் டென் 2022இல் அறிவித்தது ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கும் மேல். இதன்மேல் இரண்டு மாற்றங்கள் வந்தன. 2021 ஜூலை முதல் மாணவ ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் கொண்டு பணம் ஈட்டலாம். 2025 ஜூலை முதல், நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, கல்லூரிகளே அவர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம்; முதல் ஆண்டின் உச்சவரம்பு ஒரு கல்லூரிக்கு ஏறக்குறைய 2.05 கோடி டாலர். மாணவர்கள் கல்லூரி மாறுவதற்கான தடைகளும் தளர்ந்துவிட்டன. மாணவர்கள் தரப்பில் இவை நியாயமான மாற்றங்கள். அவர்கள் உழைப்பில் பிறர் செழித்த காலம் நெடியது. ஆனால் சிறிய கல்லூரியின் தரப்பில் இதன் பொருள் வேறு. யாரும் தேடாத பையனைக் கண்டெடுத்து, மூன்றாண்டு பயிற்றுவித்து ஆளாக்கியதும், பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்துப் போகிறான். முன்பு ஆளாக்கிய பையனைக் கொண்டு பெரிய வீட்டை வெல்லலாம் என்ற வாய்ப்பேனும் இருந்தது. நாற்றங்கால் ஒருவருடையது, அறுவடை இன்னொருவருடையது என்றாகிவிட்டது. எனவே பாய்சி போன்றவற்றுக்கு இது பெருமைக்கான ஆசை மட்டுமல்ல. ஏறாவிட்டால் இருக்கும் இடமும் தங்காது என்ற நிலை.

அவர்கள் எங்கே ஏறினார்கள் என்பதில் ஒரு நகைமுரண் இருக்கிறது. 2011 டிசம்பரில் பிக் ஈஸ்ட் கூட்டமைப்பில் சேர இசைந்தார்கள். அந்தக் கூட்டமைப்பு கண்ணெதிரே கலையத் தொடங்கியதும், சேர்வதற்கு முன்பே, 2012இன் கடைசி நாளில் பின்வாங்கினார்கள். பிறகு 2024 செப்டம்பரில், 2026 ஜூலை 1 முதல் பாக்-12இல் சேர்வதாக அறிவித்தார்கள். ஒரு காலத்தில் அந்தப் பெயருக்காக ஏங்கியவர்கள். ஆனால் அந்தப் பாக்-12இலிருந்து 2024இல் பத்துக் கல்லூரிகள் வெளியேறிவிட்டன. ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் மட்டுமே எஞ்சின. பாய்சியுடன் சேர அறிவித்தவர்களில் பெரும்பாலோர் மவுண்டன் வெஸ்டில் அதன் பழைய அண்டை வீட்டார். பெரிய வீட்டுக்காரர்கள் குடிபெயர்ந்த பின், பெயர்ப்பலகை மட்டும் மாட்டியிருந்த வீட்டுக்குள் பழைய தெருவே குடிபுகுகிறது. ஏற்றமா இது என்றால், ஓரளவு ஏற்றம்தான். ஆனால் அவர்கள் தட்டிய கதவு இது அல்ல.

இத்தனை சொன்ன பிறகு, மறுபக்கத்தையும் பேசாவிட்டால் நேர்மையாகாது. ஏறுவதற்கு விலை உண்டு. பாய்சி ஸ்டேட் 2017இல் தன் மல்யுத்த அணியைக் கலைத்தது, பேஸ்பால் அணியை மீண்டும் தொடங்குவதற்காக. பேஸ்பால் 2020இல் தொடங்கியது. அந்த ஆண்டே, தொற்றுக்காலப் பணமுடையில், ஜூலையில் அதையும் மகளிர் நீச்சல் அணியையும் கலைத்தார்கள். முதல் பருவத்தையே முழுதாக ஆடி முடிக்காத ஓர் அணி அது. கால்பந்து தொடர்ந்தது. அந்த நீச்சல்காரிகளுக்கும் மல்லர்களுக்கும் எந்தத் தரவரிசையிலும் இடமில்லை. எந்தப் புத்தாண்டு இரவும் அவர்களுக்காக விழித்திருக்கவில்லை. பெரிய வீட்டுப் பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிறவன், தன் வீட்டில் எத்தனை இலைகளை எடுத்துவிட்டான் என்று எண்ண வேண்டாமா?

தொலைவையும் எண்ண வேண்டும். 2024 முதல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அட்லாண்டிக் கடற்கரையின் பெயர் தாங்கிய ஏசிசி கூட்டமைப்பில் ஆடுகிறது. சங்கக் கவிதைகளை ஜார்ஜ் ஹார்ட் நெடுங்காலம் பயிற்றுவித்த அதே பெர்க்லிதான். ஐவகை நிலம் என்று பாடம் சொன்ன வளாகத்தின் அணி, எந்த நிலத்தைச் சேர்ந்தது என்று கேட்டால் இன்று குழப்பம்தான் மிஞ்சும். நியூஜெர்சியின் ரட்கர்ஸும் லாஸ் ஏஞ்சலஸின் கல்லூரிகளும் ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறந்து ஒரே கூட்டமைப்பில் ஆடுகின்றன. கால்பந்து அணி வாரம் ஒருமுறை பறக்கும், தாங்கும். கைப்பந்து, மென்பந்து ஆடும் மாணவியர் வார நடுவிலும் பறக்கிறார்கள். மறுநாள் அவர்களுக்குத் தேர்வு இருக்கிறது.

சரி, ஏறாமலே இருந்தால்? இறங்கியே போனால்? அதற்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு. சிகாகோ பல்கலைக்கழகம் பிக் டென் கூட்டமைப்பின் நிறுவன உறுப்பினர். முதல் ஹைஸ்மன் விருது 1935இல் அதன் ஜே பெர்வாங்கருக்குத்தான் கிடைத்தது. 1939இல் அது மிச்சிகனிடம் 85–0 எனத் தோற்றது. அந்த ஆண்டின் இறுதியில், தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸின் காலத்தில், கால்பந்தையே கைவிட்டது. 1946இல் கூட்டமைப்பையும் விட்டு வெளியேறியது. ஆட்டமில்லாது கிடந்த மைதானத்தின் பார்வையாளர் வரிசைகளுக்கு அடியில் 1942 டிசம்பர் 2 அன்று ஃபெர்மியின் குழு முதல் அணுத் தொடர்வினையை நிகழ்த்தியது. பின்னர் அந்த மைதானம் இருந்த இடத்தில் ரெகன்ஸ்டைன் நூலகம் எழுந்து 1970இல் திறக்கப்பட்டது.

1962இல், சிகாகோவுக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை, ஏ.கே. ராமானுஜன் அங்கே பழைய ஹார்ப்பர் நூலகத்தின் நிலவறையில் தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடிப் போய், உ.வே. சாமிநாதையர் 1937இல் பதிப்பித்த குறுந்தொகையைக் கண்டெடுத்ததை அவரே எழுதியிருக்கிறார். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் நாள் சனிக்கிழமை. கூட்டமைப்பின் மற்ற ஊர்களில் பல்லாயிரம் பேர் மைதானத்தில் கூடும் நாள். மைதானம் அடங்கியதால்தான் குறுந்தொகை கிடைத்தது என்று சொல்வது அபத்தம். மிச்சிகனிலும் ஒஹாயோவிலும் நல்ல நூலகங்கள் இருக்கின்றன, அவற்றிலும் சனிக்கிழமைகளில் யாரோ எதையோ கண்டெடுத்திருப்பார்கள். நாங்கள் சொல்ல வருவது சிறியது: அந்தப் பந்தியிலிருந்து எழுந்து போன கல்லூரி பட்டினியால் சாகவில்லை.

ஆனால் சிகாகோ எழுந்து போக முடிந்தது அதற்கு வேறு செல்வமும் வேறு புகழும் இருந்ததால். இரண்டாண்டுக் கல்லூரியாகத் தொடங்கிய ஐடஹோவின் பொதுப் பல்கலைக்கழகத்தை உலகம் அறிந்ததே நீலப் புல்வெளியால். துறவு என்பது இருப்பவனுக்கே எளிது. இல்லாதவனிடம் போய் 'உனக்கு எதற்கு இந்த ஆசை' என்று கேட்பது ஞானமல்ல, அதிகாரத்தின் இன்னொரு குரல். எங்களில் தொடக்கத்தில் 'இந்த ஓட்டத்தையே விட்டுவிடலாமே' என்றவர்களும் இந்த இடத்தில் மனம் மாறினர்.

எனவே எங்கள் தரப்பு இது. பாய்சி ஸ்டேட்டால் பெரிய கூட்டமைப்பில் நிற்க முடியும். அதற்கான சான்றுகள் ஐயத்துக்கு இடமின்றி இருக்கின்றன. அழைப்பை நம்பியிருக்கும் முறையே பழுதுபட்டது. வென்றவன் ஏறவும் தோற்றவன் இறங்கவும் படிக்கட்டு வேண்டும். அது நாளையே வரும் என்று நாங்கள் கனவு காணவில்லை. உள்ளே இருப்பவர்கள் தாமே இறங்கும் படியைத் தாமே கட்டுவதில்லை. அதுவரை, ஏறுகிற கல்லூரிகள் தம் வீட்டாருக்கு ஓர் உறுதியேனும் தரலாம்: கால்பந்து ஏறுவதற்காக நீந்துபவர்களை இறக்கிவிடமாட்டோம் என்று. அந்த உறுதியைக் காக்க முடியாத ஏற்றத்தை நாங்கள் ஏற்றம் என்று அழைக்கமாட்டோம்.

2007இன் அந்தப் புத்தாண்டு இரவில், சமன் செய்தால் போதும் என்ற எளிய வழி அவர்களுக்கு இருந்தது. கூடுதல் நேரம் நீள நீள எதிரியின் இரண்டாம் வரிசை தங்களைத் தின்றுவிடும் என்று அறிந்தவர்கள் போல, அவர்கள் அதைத் தேர்ந்துகொள்ளவில்லை. வெளியே நிற்பவர்களுக்கு ஆட்டத்தின் விதிகள் உள்ளே இருப்பவர்களைவிட நன்றாகத் தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.